தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கு மட்டும் எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: கர்ப்பிணிக்கு எந்தத் தொந்தரவும் தராத அளவு ரசாயனம், வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையையும் உடலையும் நடத்தையையும் பாதிக்குமா? பாதிக்கும் என்றால் எப்படி? பிறந்த பிறகு அதைச் சரிசெய்ய முடியுமா?

பாதிக்கும். இது ஊகம் இல்லை, திரும்பத் திரும்ப நிரூபணமான விஷயம். வருத்தம் என்னவென்றால், ஒவ்வொரு முறையும் நிரூபணம் குழந்தைகளின் உடலில்தான் கிடைத்திருக்கிறது.

முதலில் மினமாட்டா. ஜப்பானில் அந்த விரிகுடாவின் கரையில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை, அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. கழிவோடு கடலுக்குப் போன, பாதரசத்தின் நச்சுச் சேர்மமான மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்தது, மீன் வழியாக மனிதருக்கு வந்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். கைகால் தள்ளாட்டம், பார்வைப் பரப்பு குறுகுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, மரணம். அதே ஆண்டுகளில் அந்தக் கரையோர ஊர்களில், மூளை முடக்குவாதம் வந்தது போன்ற நிலையில் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு வாய் மீன்கூடச் சாப்பிட்டதில்லை. தாய்மார்களில் பலருக்கு அறிகுறிகள் லேசாக இருந்தன, சிலருக்கு எதுவுமே தென்படவில்லை. நஞ்சுக்கொடி விஷத்தை வடிகட்டிவிடும் என்பது அன்றைய மருத்துவப் பாடம். ஆகவே இது வேறு ஏதோ பிறவிக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். ஹராடா மசசுமி போன்ற மருத்துவர்கள் அந்தக் குடும்பங்களை நேரில் போய்ப் பார்த்துத் திரட்டிய விவரங்களும் பிரேதப் பரிசோதனையும் சேர்ந்த பிறகு, 1962இல்தான் அது கருவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதற்குப் பிறகு கிடைத்த சான்று என் மனதை இன்றும் உலுக்குகிறது. குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து வீட்டில் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். அப்படி வைத்திருந்த கொடிகளைப் பரிசோதித்தபோது அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்தது. பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஆலையின் உற்பத்தி ஏறிய காலத்தில் கொடியிலும் பாதரசம் ஏறியிருந்தது.

நஞ்சுக்கொடி ஏன் தடுக்கவில்லை? அது விஷங்களைத் தடுக்க எழுப்பிய சுவர் இல்லை, குழந்தைக்கு வேண்டியதைக் கடத்திவிடும் பாதை. மெத்தில் பாதரசம் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டால், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. மெத்தியோனினுக்காக இருக்கும் கடத்தி அதை அடையாளம் தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் மெத்தில் பாதரசம் தாயின் ரத்தத்தைவிட அதிகமாக, சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். தாயின் உடல் ஒரு வகையில் தன் சுமையைக் குழந்தைக்கு இறக்கி வைத்துவிடுகிறது. அவர் நலமாகத் தெரிந்ததில் ஆறுதல் கொள்ள எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெரியவர்களின் மூளையில் மெத்தில் பாதரசம் குறிப்பிட்ட சில இடங்களைத்தான் தாக்கியது: பார்வைக்கான புறணி (மூளையின் வெளி அடுக்கு), சிறுமூளை. கருவில் பாதிக்கப்பட்டவர்களின் மூளையிலோ சேதம் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பரவியிருந்தது. வளரும் மூளையில் நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து தமக்குரிய இடத்துக்கு நகர்ந்து போகின்றன. அந்த நகர்வுக்கு வேண்டிய உள்ளமைப்பையே மெத்தில் பாதரசம் குலைக்கிறது. நரம்பணு செத்தால்தான் சேதம் என்பதில்லை. உயிரோடு இருந்தும் தவறான அடுக்கில் போய் நின்றுவிட்டால் அதுவும் சேதம்தான்.

கேள்விக்கான பதிலின் மையம் இதுதான். எந்தப் பொருளும் அளவைப் பொறுத்தே விஷமாகிறது என்று பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொன்னது நச்சியலின் அடிப்படை விதியாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. அந்த விதியோடு 'எப்போது' என்ற கேள்வியையும் சேர்க்காவிட்டால் குழந்தைகள் விஷயத்தில் அது நம்மை ஏமாற்றும். நெய்து முடித்த துணியில் கறை பட்டால் துவைத்துப் பார்க்கலாம். பாவு ஓட்டும்போதே ஓர் இழை தப்பினால், நெய்கிற துணி முழுக்க அந்தத் தப்பு கூடவே வரும்.

'எப்போது' என்பது எவ்வளவு துல்லியமான கேள்வி என்பதைக் காட்டியது தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை. கர்ப்ப காலக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். பெரியவர்கள் அளவுக்கு மீறி விழுங்கினாலும் உயிர் போகாத மருந்து என்பதால் மிகப் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது. 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் கைகால் குறுகியோ இல்லாமலோ பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்தில் பணியாற்றிய ஃபிரான்சஸ் கெல்சி, போதிய சான்றில்லை என்று அனுமதி தர மறுத்ததால் அங்கே பேரழிவு தவிர்ந்தது. கருத்தரித்து ஏறத்தாழ 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரைதான் அந்த ஆபத்தான காலம். முதலில் காது, அடுத்து கை, பிறகு கால் என்று எந்த உறுப்பு அப்போது உருவாகிக்கொண்டிருந்ததோ அதுவே பாதிக்கப்பட்டது. ஸ்வீடனில் பாதிக்கப்பட்டவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, 20 முதல் 24ஆம் நாளுக்குள் மருந்து சேர்ந்தவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தது. கை முளைக்கும் முன்பே மூளைத்தண்டுக்கு அடித்தளம் விழும் நாட்கள் அவை. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத நாட்களும் அவைதான். அதே தாலிடோமைடு இன்று எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு, கர்ப்பம் ஏற்படாதபடி கடும் கட்டுப்பாடுகளோடு, பயனுள்ள மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

கைகாலுக்கு ஒரு சில வாரங்கள்தான் ஆபத்துக் காலம். மூளைக்கு அது மிக நீண்டது. நரம்புக் குழாய் நான்காவது வாரத்தில் மூடுகிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான நரம்பணுக்கள் உருவாகி இடம் மாறுகின்றன. அதன்பின் இணைப்புகள் பெருகும், பயன்படாதவை கத்தரிக்கப்படும், நரம்பிழைகளுக்கு மையலின் உறை ஏறும். கடைசி வேலைகள் முன்மூளையில் இருபது வயதைத் தாண்டியும் நடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு. மனிதக் கருவின் மூன்றாவது வாரத்துக்கு ஒப்பான கட்டத்தில் எலிகளுக்கு ஒரே ஒரு நாள் மது செலுத்தினாலே முகமும் முன்மூளையும் மாறிவிடுகின்றன. மனிதரில் அந்த முக அமைப்பையும் வளர்ச்சிக் குறைவையும் பிரான்சில் லெமுவான் 1968இல் விவரித்தார், சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் 1973இல் விவரித்தார்கள். முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் கவனமும் கணக்கும் தன்னடக்கமும் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அதைவிட அதிகம். கர்ப்பத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை.

பிறந்த பிறகும் குழந்தை சிறிய அளவிலான பெரியவர் ஆகிவிடுவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு என்று கணக்கிட்டால் அது பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது. தரையில் தவழ்கிறது, கிடைத்ததை வாயில் வைக்கிறது. விஷத்தை முறிக்கும் நொதிகள் இன்னும் முழுமையடையவில்லை. சில பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்க உதவும் பாராக்ஸோனேஸ் என்ற நொதி பிறந்த குழந்தைகளிடம் பெரியவர்களைவிட வெகு குறைவு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஈயத்தைத்தான் பார்க்க வேண்டும். வேறெந்தப் பொருளைப் பற்றியும் நமக்கு இவ்வளவு தெரியாது. இவ்வளவு தெரிந்தும் வேறெதிலும் இவ்வளவு தாமதித்ததும் இல்லை.

ஈயத்தின் அயனி கால்சியத்தின் வேடத்தில் உள்ளே வருகிறது. குடலில் கால்சியமும் இரும்பும் போகும் வழியில் போகிறது. உணவோடு சேரும் ஈயத்தில் பெரியவர் பத்தில் ஒரு பங்கு அளவே உறிஞ்சும்போது, சிறு குழந்தை பாதி வரை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகம். மூளைக்குள் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதே கால்சியத்தின் தாளத்தில்தான். ஈயம் அங்கே தேவையற்ற நேரத்தில் சமிக்ஞையைக் கசியவிடுகிறது, தேவையான நேரத்தில் அடக்கிவிடுகிறது. கற்றலுக்கும் நினைவுக்கும் அடிப்படையான, நரம்பணுவில் சமிக்ஞையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளையும் அடைக்கிறது. எந்த இணைப்பு நிலைக்க வேண்டும், எது கழிய வேண்டும் என்பதை மூளை அந்தச் சமிக்ஞைகளை வைத்துத்தான் முடிவுசெய்கிறது. சமிக்ஞை கலங்கினால் தேர்வும் கலங்கும். உடலில் மிஞ்சும் ஈயம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். ஒரு பெண் தன் சிறுவயதில் வாங்கிக்கொண்ட ஈயம், கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, அதோடு சேர்ந்து கரைந்து அவருடைய குழந்தைக்குப் போகிறது.

வலிப்பும் கோமாவும் வந்தால்தான் ஈய நச்சு, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிழைத்த குழந்தை முழுக்க நலமானது என்று நீண்ட காலம் நம்பினார்கள். மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் இரண்டு ஊர்களில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறையத் தொடங்கிவிடும், பல்லோ பழைய கணக்கை வைத்திருக்கும். எந்தக் குழந்தையின் பல்லில் எவ்வளவு ஈயம் என்று தெரியாத ஆசிரியர்களிடம் அந்தக் குழந்தைகளின் வகுப்பறை நடத்தையைப் பற்றிக் கேட்டார். 1979இல் வெளியான முடிவில், பல்லில் ஈயம் ஏற ஏற, கவனம் சிதறுவதும் சொன்னதைப் பின்பற்ற முடியாமல் போவதும் எடுத்த வேலையைப் பாதியில் விடுவதும் படிப்படியாகக் கூடின. நோயாளி என்று யாருமே சொல்லியிராத குழந்தைகள் அவர்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தேடிப் பார்த்தபோது, ஈயம் அதிகமிருந்தவர்களே பள்ளியைப் பாதியில் விட்டவர்களில் அதிகமாக இருந்தார்கள்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் வைத்த எல்லை 1960களில் 60. பிறகு 40, 30, 25 என்று இறங்கி 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. உடல் மாறவில்லை, நாம் கவனமாகப் பார்க்கப் பார்க்கச் சேதம் கீழே கீழே தெரிந்தது. ஏழு தொடராய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 2005இல் செய்த பகுப்பாய்வில், ரத்த ஈயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது ஐக்யூ 3.9 புள்ளி குறைந்தது. 10இலிருந்து 20க்கு ஏறும்போது மேலும் 1.9 மட்டுமே. முதல் சில மைக்ரோகிராம்தான் அதிகம் பறிக்கிறது. பாதுகாப்பான அளவு எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நான்கு புள்ளி ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளையிடம் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மக்கள் தொகையில் தெரியும். சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 என்ற வழக்கமான பரவலில், 70க்குக் கீழே இருப்பவர்கள் சுமார் 2.3 சதவீதம். சராசரி ஐந்தே புள்ளி சரிந்தால் அது 4.8 சதவீதம், அதாவது இரு மடங்கு. மேல் முனையில் 130ஐத் தாண்டுபவர்கள் பாதிக்கும் கீழாகக் குறைவார்கள். யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நடத்தை பற்றித் தனியாகக் கேட்டிருந்ததால் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். 1979 முதல் 1984 வரை பிறந்தவர்களைக் கருவிலிருந்தே தொடர்ந்து அளந்த ஆய்வு அது. அவர்கள் இளைஞர்களானபோது எடுத்த எம்ஆர்ஐ படங்களில், சிறுவயதில் ஈயம் அதிகமிருந்தவர்களுக்கு முன்மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது, ஆண்களிடம் கூடுதலாக. அவசரத்தை அடக்குவது, விளைவை எண்ணிப் பார்ப்பது, கோபத்தை ஆள்வது எல்லாம் அந்தப் பகுதிகளின் வேலை. அதே குழுவில், கருவிலும் சிறுவயதிலும் ஈயம் அதிகமிருந்தவர்கள் பெரியவர்களான பின் கைதானதும் அதிகம். வறுமையும் வளர்ப்பும் இதில் கலந்திருக்காதா என்றால், கலந்திருக்கும். ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு எஞ்சியது. ஆனால் ஈயம் இருந்தவன் குற்றவாளி ஆவான் என்று இதைப் படிப்பது கொடுமையான தவறு. சாய்வு கொஞ்சம் மாறுகிறது, அவ்வளவே. சாய்வை மாற்றியவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை.

ஹார்மோன் வழியே நடக்கும் பாதிப்பு வேறு விதம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் சொந்தத் தைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய இல்லை, தாயுடையதை நம்பியே மூளை வளர்கிறது. மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் பயன்பட்ட பிசிபி போன்ற சேர்மங்கள் அந்த ஹார்மோனின் வேலையில் குறுக்கிடுகின்றன. ஏற்கெனவே அயோடின் குறைந்த தாய்க்கு இந்தச் சிறு இடையூறே பெரிதாகிவிடலாம். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் கதை இன்னும் வேதனையானது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த செயற்கை ஈஸ்ட்ரோஜன் அது. பயனில்லை என்று 1953லேயே ஒரு முறையான ஆய்வு காட்டியும் நிறுத்தவில்லை. 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சக மருத்துவர்களும், இளம்பெண்களுக்கு வரவே வராத ஒரு வகைப் பெண்ணுறுப்புப் புற்றுநோய் வந்த எட்டுப் பேரைப் பற்றி எழுதினார்கள். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். பிறந்தபோது அழகான, ஆரோக்கியமான குழந்தைகள். விளைவு தெரியப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதம் புற்றுநோயோடு முடிவதில்லை. சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்தில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்சனிக் மிக அதிகம், லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம். பிறகு சுத்திகரிப்பு நிலையம் வந்து தண்ணீர் சரியானது. ஆனால் அந்த ஆண்டுகளில் கருவிலோ குழந்தைப் பருவத்திலோ இருந்தவர்கள், முப்பது, நாற்பது வயதுகளில் நுரையீரல் புற்றுநோயாலும் மூச்சுக்குழல் விரிவு நோயாலும் இறந்தது எதிர்பார்ப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

எல்லாவற்றிலும் சான்று ஒரே வலுவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் ஃபிலிப் கிரான்ஜானும் ஃபிலிப் லாண்ட்ரிகனும் 2006இல் மனித மூளை வளர்ச்சியைக் கெடுப்பதாக ஐந்து தொழிற்சாலைப் பொருட்களைப் பட்டியலிட்டார்கள்: ஈயம், மெத்தில் பாதரசம், ஆர்சனிக், பிசிபி, டொலுவீன் என்ற கரைப்பான். 2014இல் பட்டியல் பதினொன்றானது. புதிதாகச் சேர்ந்தவற்றில் சிலவற்றின் மீது, குறிப்பாக எந்த அளவில் தீங்கு தொடங்குகிறது என்பதில், இன்றும் வாதம் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்த குழந்தைகளில், தொப்புள்கொடி ரத்தத்தில் அது அதிகமிருந்தவர்களுக்கு ஏழு வயதில் செயல் நினைவு குறைவாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோகம் 2001இல் முடிவுக்கு வந்ததும், அதன்பின் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அளவு வேகமாகச் சரிந்தது. சட்டம் வேலை செய்கிறது. ஒரு தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும் செய்ய முடியாததை அது செய்கிறது. அதனால்தான் 'கர்ப்பிணிகளே, எச்சரிக்கை' என்ற தொனியில் எழுதப்படும் கட்டுரைகள் எனக்கு ஒப்பாதவை. காற்றையும் தண்ணீரையும் அவரா தேர்ந்தெடுத்தார்?

சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: நஞ்சை வெளியேற்றலாம், நடந்ததைத் திருப்ப முடியாது. ரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு சக்ஸிமர் என்ற மருந்தையோ வெற்று மருந்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவில், மருந்து ரத்த ஈயத்தைக் குறைத்தது, ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அறிவுத்திறனிலோ நடத்தையிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. மிக உயர்ந்த அளவில் உயிரைக் காக்க அந்தச் சிகிச்சை தேவைதான். ஆட்டிசத்துக்கு நச்சு நீக்கம் என்று விற்கப்படும் சிகிச்சைகளுக்கு மட்டும் தயவுசெய்து குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். அவை பயன் தருவதில்லை, ஆபத்தும் உண்டு. மூளையின் இணைப்புகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் பேச்சுப் பயிற்சி, கற்றல் உதவி, நிதானமான வளர்ப்பு ஆகியவை உண்மையாகவே பலன் தரும். சேதத்தை அழிக்காவிட்டாலும் பிள்ளை எட்டக்கூடிய உயரத்தைக் கூட்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை அதிகமில்லை, ஆனால் பெறுமதியானவை. கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம், போதிய அயோடின், இரும்புச்சத்து. ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலை நடக்கும்போது கர்ப்பிணியும் குழந்தையும் அங்கே இருக்கக் கூடாது. ஈயம் புழங்கும் வேலை செய்பவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். மீனைக் கைவிட வேண்டாம். ஃபாரோ தீவுகளில் திமிங்கல இறைச்சி வழியாகப் பாதரசம் சேர்ந்த பிள்ளைகளிடம் குறைபாடு தெரிந்தது, சீஷெல்ஸ் தீவுகளில் கடல்மீன் நிறையச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. மீனின் நல்ல கொழுப்புகள் மூளைக்குத் தேவை. பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்துச் சிறு மீன்களைச் சாப்பிட்டால் போதும். வலிப்புக்கு, கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் என்ற மருந்தை எடுப்பவர் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது, அடக்கப்படாத வலிப்பு தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து.

'என் மகனின் துறுதுறுப்புக்கு இதுதான் காரணமா?' என்று கேட்பவர்களுக்கு: ஒரு தனிக் குழந்தையைக் காட்டி இந்தப் பொருளால்தான் என்று சொல்ல பெரும்பாலும் எந்தப் பரிசோதனையும் இல்லை. மரபணு, குறைப்பிரசவம், தூக்கம், காது கேட்பது எல்லாம் பார்க்கப்பட வேண்டும். ஈயத்தையோ ஒரு துளி ரத்தத்தில் அளந்துவிடலாம்; அதுதான் காரணம் என்று அது நிரூபிக்காது, உடலில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அளவு உயர்ந்திருந்தால் தோலில் ஒட்டிய தூசியாலும் அப்படிக் காட்டலாம் என்பதால், கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் முதல் வேலை மாத்திரை தேடுவது இல்லை, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. அதே வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் அன்றே பரிசோதனை செய்யுங்கள்.